சென்னம்மாளின் தப்புகள்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ள வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளலாம், செல்போனை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஓசூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். செத்துப்போன ஒரு தாயைப் பற்றியது என்றதும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாம். அந்தத் தாயால் எரிச்சல்பட்டு எரிச்சல்பட்டு மண்டை காய்ந்துபோன ஒரு மகளின் கதை இது.

மகள் பெயர் தமிழ்செல்வி. வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க ஒவ்வொரு உருப்படியாகக் கையில் எடுத்து, அளந்து, ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைப்பாள். தப்பைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் அப்பாவுக்கு முன்னால் இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீலமா, வெள்ளையா? சொல்லுப்பா. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை."

சௌந்தரராஜன் நாற்காலியில் சாய்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வார்த்தை வேணாம். ம்முனு சொல்லு போதும். மாடுகூட அத சொல்லுதுப்பா."

அவளே நீலச் சட்டையை மாட்டிவிட்டாள். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார், இறக்கச் சொன்னபோது இறக்கினார். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சௌந்தரராஜனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திக்கித் திக்கித் திரும்பி வந்திருந்தது. நாலு வருஷமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்கவைத்துப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி சென்னம்மாள். நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு விடியலில் பால் காய்ச்ச எழுந்தவள், அடுப்பைப் பற்றவைக்காமலே சுவரோரம் சாய்ந்துவிட்டாள். அன்றைக்கு அடைத்த வாய்தான் அவருக்கு. துக்கம், சரியாகிவிடும் என்றார்கள் எல்லோரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் திறக்கவில்லை.

டாக்டர் தமிழ்செல்வியிடம் பட்டென்று சொல்லிவிட்டார். "பேச்சுங்கறது ஒத்தையடிப் பாதை மாதிரிம்மா. தெனமும் நடந்தாத்தான் பாதை. விட்டா புல்லு மூடிரும். அப்பறம் தேடுனாலும் கெடைக்காது."

அதைக் கேட்டதும் பெங்களூரில் இருக்கும் தம்பி ஹரீஷ்குமார் ஓர் இல்லம் பார்த்துவிட்டான். வயதானவர்களை வைத்துப் பார்க்கிற இடம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் உண்டு, நர்ஸ் உண்டு. அவன் கெட்டவன் இல்லை, கண்ணுகளா. அக்காவும் அத்தானும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடுவதைப் பார்த்துத்தான் செய்தான்.

"அப்பா வாயால வேணான்னு சொல்லட்டுங்க்கா. நான் அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டன். ஒண்ணுமே சொல்லலன்னா நான் என்னா பண்றது? ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து கூட்டினு போறன்."

அந்த ஞாயிறுதான் இது. போகிறேன் என்றாவது சொல்ல வேண்டும், போகமாட்டேன் என்றாவது சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு மூட்டையைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதுபோல அப்பாவை ஏற்ற வேண்டுமா என்று தமிழ்செல்வி காலையிலிருந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவே துக்கம் விசாரிக்க வருகிறவர்கள். நாற்பது நாள் ஆகியும் நின்றபாடில்லை. வருகிறவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தமாதிரி ஒன்றையே சொன்னார்கள். மகராசி. பொறுமையில் பூமாதேவி. உங்கம்மா மாதிரி இனி ஒருத்தி பொறக்கணும். பிறகு, எப்படிப் போச்சு என்று முதலிலிருந்து கேட்பார்கள். அவளும் பால் பாத்திரத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வாள். அறுபது எழுபது முறை சொல்லியாகிவிட்டது.

சொன்னதெல்லாம் பொய்யும் இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் பதினோரு வருஷம் முதுகில் ஒரு புண் வராமல் பார்த்தவள் சென்னம்மாள். பால்வாடியில் இருபத்திரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்து ஊரான் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவள். தனக்கு இடுப்பு வலித்தால் மட்டும், "அது அப்பிடித்தான் வலிக்கும், நீ போய் வேலயப் பாரு" என்பாள். அம்மா என்றால் தமிழ்செல்விக்கு உயிர்தான்.

ஆனால் அந்த உயிர் கடைசி நாலு வருஷம் அவளைப் படுத்திய பாடு இருக்கிறதே. அப்பா விழுந்த ஆறு மாதத்திலேயே அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. கேழ்வரகுக் கூழில் உப்பு இருக்காது. சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிடுவாள். செவ்வாய்க்கிழமையை வெள்ளி என்பாள். தமிழ்ச் செய்தி கேட்கிற மனுஷனுக்குக் கன்னடச் செய்தியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டுவாள். ஒவ்வொன்றுக்கும் சௌந்தரராஜன் முகம் சிவந்து, நாக்கை இழுத்து, "அறி… அறிவு… இருக்கா ஒனக்கு" என்று கத்துவார். அந்த வீட்டில் விடிந்தால் அடைந்தால் அந்தச் சத்தம்தான்.

வேலையிலிருந்து வருகிற தமிழ்செல்வி வாசலிலேயே அதைக் கேட்டுக் கொதிப்பாள். "எத்தினி தடவம்மா சொல்றது ஒனக்கு?"

"வயசாவுதில்ல, மறந்துட்டன்" என்பாள் சென்னம்மாள், கொஞ்சம்கூட வருத்தமில்லாமல்.

தப்பு நடக்கவே வழியில்லாதபடி சாமான்களை அமைத்துவைப்பதற்குக் கம்பெனியில் ஒரு ஜப்பான் பெயர் உண்டு. தமிழ்செல்வி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். உப்பு டப்பாவில் சிவப்புச் சீட்டு. செருப்பில் பச்சைப் பொட்டு, மஞ்சள் பொட்டு. சுவரில் கிழமைப் பலகை. டிவி ரிமோட்டில் தமிழ்ச் சேனல் பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் டேப் போட்டு ஒட்டியாயிற்று. அப்பாவின் ஒன்பது சட்டைகளிலும் பொத்தானைப் பிய்த்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்துவிட்டாள். இனி எப்படித் தப்பாகப் போடுவாய் பார்ப்போம் என்று இருந்தாள். மறுநாளே சென்னம்மாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிவிட்டு நின்றாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் லீவு போட்டு, மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமும் அம்மாவைக் கூட்டிப்போனாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் டாக்டர் கேட்டார். சென்னம்மாள் பட் பட்டென்று சொல்லி, இரண்டுக்கு வந்து நின்றுவிட்டு, "இதுக்கு மேல கழியாதுங்க சார்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, ஒன்றும் இல்லை, வயசு என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் தமிழ்செல்வி அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது அந்த வீட்டில் ஒரு தப்பு கிடையாது. உப்பு அளவாக இருக்கிறது. செருப்பு சரியான காலில் இருக்கிறது. எட்டு மணிக்குச் செய்தி. அப்பா குரல்தான் இல்லை.

பதினோரு மணி வாக்கில் வஜிஹா வந்தாள். பஜாரில் புருஷனோடு துணிக்கடை வைத்திருப்பவள். தங்கச்சி பிரசவத்துக்கு வாணியம்பாடி போய் இரண்டு மாதம் தங்கிவிட்டாளாம்.

"நேத்து வந்துதாங்க்கா கேள்விப்பட்டன். ஆயாம்மா மௌத்தானதுகூடத் தெரியாம அங்க உக்காந்து புள்ளைக்கு எண்ண தேச்சுக்கினு இருந்திருக்கன் பாருங்க."

மகராசி வரப்போகிறது, பூமாதேவி வரப்போகிறது என்று தமிழ்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு காபியை நீட்டினாள். வஜிஹா வாங்கிக் கீழே வைத்தாள்.

"எங்க ருக்ஸாருக்கு ரெண்டர வயசு வரிக்கும் பேச்சு வரலக்கா. எங்க மாமியா, ஊமை, ஊமைன்னே கூப்புடுவாங்க. பால்வாடில வுட்டன். ஆயாம்மா என்னா பண்ணும் தெரியுமா? காக்காயக் காட்டி, தோ பாரு கோழின்னு சொல்லும். தட்டத் தலகீழாப் போட்டுச் சாதத்த வைக்கப் போவும். செருப்ப எடுத்து புள்ள கையில மாட்டும். இவ ரெண்டு வாரம் உத்து உத்துப் பாத்துக்கினு இருந்தா. மூணாவது வாரம் பொறுக்கல அவளுக்கு. காக்கா, காக்கான்னு ஒரே கத்து. இப்ப ஆறாவது படிக்கிறா, வாய மூடச் சொல்லி டீச்சர் எனக்கு போன் பண்றாங்க."

தமிழ்செல்வி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தெரிஞ்சேவா தப்பாச் சொல்லும்?"

"பின்ன? கேள்வி கேட்டா வாய் மூடிக்கும், தப்பாச் சொன்னா வாய் தொறந்துக்கும், திருத்தாம இருக்க எந்த மனுசனாலயும் முடியாது வஜிஹான்னு சொல்லும். யார்கிட்டயும் சொல்லிறாத, வெளிய தெரிஞ்சா வேலைக்காவாதுன்னும் சொல்லும்." அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஏங்க்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. டப்பாவில் சிவப்புச் சீட்டு. சுவரில் கிழமைப் பலகை. ஒன்பது சட்டை, ஒவ்வொன்றிலும் ஆறு பொத்தான், ஐம்பத்துநாலு பொத்தானைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தது தமிழ்செல்விக்கு ஞாபகம் வந்தது. புருஷன் வாயைத் திறக்கவைக்க ஒருத்தி நாள் பூராவும் வழி தோண்டிக்கொண்டிருக்க, இவள் பின்னாலேயே போய் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது கோபம். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் அடுத்து வருகிறவர்களிடம் மிஷினின் கோளாறைச் சொல்லாமல் போனால் மெமோ கொடுப்பார்கள். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த அம்மா?

வஜிஹாவை அனுப்பிவிட்டு அவள் வேலையில் இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக் குழம்பில் உப்புப் போடவில்லை. போடாமல் இருக்கக் கையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சௌந்தரராஜன் பாதி தின்று தட்டைத் தள்ளினார், அவ்வளவுதான். டேப்பைப் பிய்த்துக் கன்னடச் செய்தி வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வைத்து மாட்டினாள். கையைக் கொடுத்தார். "இன்னிக்கி வெள்ளிக்கெழமதான?" என்றாள். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணி ஆகிவிட்டது. "எங்கம்மா பண்ணா மட்டும் கத்துவ, நான் பண்ணா கத்த மாட்டியா? நான் என்னா தொக்கா ஒனக்கு?" என்று தட்டைக் கழுவும்போது குழாயிடம் சொன்னாள். யோசித்துப் பார்த்தால், உப்பைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் அவருக்கு இனி என்ன கவலை?

மூன்றரைக்கு ஹரீஷ்குமார் வந்துவிட்டான். அத்திப்பள்ளி நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டே அப்பாவின் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான். "அப்பா, போலாமா?" என்று கேட்டான். காத்திருந்தான். அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, இல்லத்துக்காரர்கள் அனுப்பிய படிவத்தை செல்போனில் நிரப்ப ஆரம்பித்தான்.

"குடும்ப விவரமெல்லாம் கேக்கறாங்க்கா. அம்மா சொந்த ஊரு?"

"ஏதோ ஒண்ணு போட்டுத் தொல. பாகலூர்னு போடு. யாரு வந்து பாக்கப்போறா."

எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னாள். அப்போது அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் நாற்காலிக் கைப்பிடியில் கொஞ்சம் எழுந்து அமர்ந்தது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. மயிரிழை கோணலுக்குப் பழகிய கண்ணல்லவா, அவள் கண்ணில் பட்டது.

"வேப்பனப்பள்ளி இல்லக்கா?" என்றான் ஹரீஷ்குமார்.

அவன் காலை அவள் நன்றாக மிதித்தாள். "பாகலூருதான். நீ சின்னப் பையன், ஒனக்கென்னா தெரியும். அடுத்தது என்னா?"

"அக்கா, நல்லாத் தெரியும், மாங்காத் தோப்பு…" இன்னொரு மிதி விழுந்ததும் அவன் நிறுத்தினான். ஒன்றும் புரியாமல், "தொழிலு?" என்றான்.

"தொழிலு என்னா தொழிலு. சும்மாதான் ஊட்ல இருந்துச்சு."

சௌந்தரராஜன் திரும்பினார். ஜன்னலை விட்டு முழுசாகத் திரும்பினார். தொண்டைக்குள் ஏதோ உருண்டது. தமிழ்செல்வி அவர் பக்கம் பார்க்காமல் தம்பியிடமே பேசினாள்.

"அப்பா பொண்ணு பாக்கக் கம்பெனி ஜீப்புல போனாராம். டிரைவர் வெச்சுக்கினு. எல்லாரும் எழுந்து நின்னாங்களாம்."

"ந…"

சௌந்தரராஜன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"நட… நடந்து." நாக்கு கல்லைப் புரட்டுவதுபோலப் புரட்டியது. "பஸ்ஸு… கெட்டு… நடந்து போனன்."

ஹரீஷ்குமாரின் செல்போன் மடியில் விழுந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தமிழ்செல்வி மூன்றாவது முறையும் மிதித்தாள். இனி வரப்போவதைச் சொல்ல அவளுக்கே நாக்குக் கூசியது. பதினோரு வருஷம் தன் கண்ணால் பார்த்தது. ஆனால் இங்கேதான் கைவைக்க வேண்டும் என்று தெரிந்தது.

"பாட்டி படுத்துக் கெடந்தப்பகூட, அத்தைங்கதான் வந்து மாத்தி மாத்திப் பாத்துக்கினாங்க. அம்மா எங்க பாத்துச்சு. ஒரு தம்ளர் தண்ணி…"

"பொய்." கைப்பிடியில் இடது கை அறைந்தது. "பொய்… சொல்ற. ஒருத்தி… ஒருத்தியும் வரல. அவதான். பதி… பதினோரு வருசம்… அவ ஒருத்தி." மூச்சு வாங்கினார். எச்சில் ஒழுகியது, துடைக்கவிடவில்லை. "எங்கம்மா… சாவறப்ப… அவ கையத்தான்… புடிச்சுது. என்… கைய இல்ல."

இது பிள்ளைகள் இருவருக்கும் தெரியாத செய்தி. ஹரீஷ்குமார் எழுந்துபோய் அப்பாவின் காலருகே உட்கார்ந்தான்.

"அப்பா, நீ போறியா, இருக்கியா? நீயே சொல்லிடு."

"பெட்டிய… உள்ள வைடா." பிறகு மகளின் பக்கம் கையை நீட்டி, "சட்ட… திருப்பிப் போட்டிருக்க. அறிவு… இருக்கா?" என்றார்.

காலையிலிருந்து கேட்கக் காத்திருந்த வசவு. தமிழ்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்பா, அம்மா இத்தினி நாளும் வேணும்னேதான் தப்புத் தப்பாப் பண்ணுச்சு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

அவர் ஒரு விரலைக் காட்டினார். "மொத… நாளுலருந்து."

"தெரிஞ்சா ஏன்பா கத்துன?"

"கத்தலன்னா… அவ… பாவம்ல."

தமிழ்செல்வி எழுந்து நின்றாள். "அப்ப நான்தான் லூசா இந்த ஊட்ல? ரெண்டு பேரும் சேந்துக்கினு என்னை ஆட்டி வெச்சிருக்கீங்க. நாளு பூரா நின்னு வேல செஞ்சிட்டு வந்து பொத்தான் பிச்சிக்கினு இருந்தன். டாக்டருகிட்ட வேற இழுத்துக்கினு போனன். அப்பவாவது ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

சௌந்தரராஜனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நாற்பது நாளில் முதல்முறை. "ஆஸ்பத்திரி… போய்ட்டு வந்து… ராவெல்லாம்… சிரிச்சா. கட்டிலு… ஆடுச்சு."

அன்றைக்கு ஹரீஷ்குமாரின் கார் வந்த மாதிரியே காலியாகத் திரும்பியது. கண்ணுகளா, அவன் போனபிறகு தமிழ்செல்வி மாலை போட்ட அம்மா படத்துக்கு எதிரே நின்று கால் மணி நேரம் திட்டினாள். எதைச் சொன்னாய், எதை மறைத்தாய், எங்களை எப்படியெல்லாம் ஏய்த்தாய் என்று விடாமல் திட்டினாள். வந்தவர்கள் அறுபது எழுபது பேர் புகழ்ந்தபோது வராத அம்மா, அந்தத் திட்டில்தான் அவளுக்கு முழுசாகத் திரும்பி வந்தாள். சௌந்தரராஜன் நாற்காலியில் இருந்தபடியே நடுநடுவே அவளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டிருந்த உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எழுந்து உட்காரட்டும், உட்கார்ந்தவர்கள் எழுந்து நடக்கட்டும். உங்களைப் பார்த்துக்கொள்கிறவள் நூறு வயசு இருந்து, அவளைப் பார்த்துக்கொள்ள உங்கள் கைக்கும் பலம் இருக்கட்டும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வீடாக உங்கள் வீடு ஒரு நாளும் ஆகவேண்டாம். நல்லா இருங்கள், என் கண்ணுகளா.